பதினாலாம் நம்பர்க்காரி

லூசியாவுக்கு லூசியா என்று ஒரு பெயர் இருப்பது வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதிப் பேரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் தாய் இறந்துபோக, அதே மாதம் கூலிப் பதிவேடான செக்ரோலில் தாய்க்கு இருந்த நம்பரை அப்போதைய கணக்கப்பிள்ளை இவள் தலையில் கட்டினார். அன்றிலிருந்து இவள் பதினாலு. காலையில் ஆள் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் பதினாலு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பதினாலு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சண்டை வந்தால் ‘அந்தக் கொழுப்பெடுத்த பதினாலு’. புருஷன் ‘இந்தா’ என்று கூப்பிட்டே ஏழு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தான். மகள் செசிலிக்கு அவள் அம்மா, தம்பி ரபாயேலுக்கு அக்கா. ஞானஸ்நானம் கொடுத்த சாமி ஒருவர்தான் அந்தப் பெயரை வாய் நிறையச் சொல்லியிருப்பார். அவரும் அவள் பல் முளைக்கும் முன்பே ஊர் மாறிப் போய்விட்டார்.

இதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் நம்பர் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு நாள் வேலை புத்தகத்தில் ஏறுவதைப் ‘பேர் விழுவது’ என்பார்கள். பெயரைத்தான் சொல்கிறார்களே தவிர, விழுவதெல்லாம் நம்பரில்தான். லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பரா, அரிசிக் கூப்பன், ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டுச் சீட்டு எல்லாமே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். நிரையும் நம்பர்ப்படிதான். நிரை என்றால் ஒருத்திக்கு ஒதுக்கிய தேயிலைச் செடி வரிசை. சின்ன நம்பர்க்காரிகளுக்குப் பாதை ஓரத்து நல்ல நிரை, பெரிய நம்பர்க்காரிகளுக்கு மலைக்கோடியில் பள்ளத்து நிரை. ஒருத்திக்குக் கிடைத்த நம்பர் அவள் கண்ணை மூடும்வரை அவளுக்கே சொந்தம். பதினாலு என்று யாராவது கூப்பிட்டால் லூசியா தலையை நிமிர்த்திக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பாள்.

உக்குவளையில் ரயில் பாதையைத் தாண்டி மேலே ஏறுகிற ரோட்டில், பஸ் மூச்சு வாங்கும் மூன்றாவது முடுக்கு வளைவில் இறங்கினால் வெள்ளைப்பாறைத் தோட்டம் தொடங்கும். அதன் ஏழாம் நம்பர் மலை நெட்டுக்குத்தாக நிற்கும். கூடை நிறைந்ததும் மற்றப் பெண்கள் பாதையைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். லூசியா மட்டும் செடிகளுக்கு நடுவே இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று வளைந்து வளைந்து இறங்கி, தராசடியில் முதல் ஆளாகக் கூடையை இறக்கி வைப்பாள். “காலா, வண்டிச் சில்லா?” என்று கங்காணி கேட்பார். அவளுக்குப் பெருமை பிடிபடாது.

அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது. அறுபத்தெட்டாம் ஆண்டு ஒக்டோபர் முப்பதாம் தேதி, மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு பின்னேரம், நிறைந்த கூடையோடு இறங்கியவள் மழைத்தண்ணீர் ஓடும் கான் விளிம்பில் கால் வைத்தாள். மண் சரிந்தது. கூடை ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டதாக அவள் பின்னால் சொல்வாள். சாக்கில் படுக்க வைத்துத் தூக்கி வந்து, கொழுந்து லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, ஏழு வாரம் கால் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நாலாம் நாள் கணக்கப்பிள்ளை ராஜநாயகம் லயத்துக்கு வந்தார். காம்பராவுக்குள் வரவில்லை. வாசலில் குடையை மடக்காமலே நின்றார்.

“என்னா பதினாலு, கால ஒடச்சிக்கிட்டியாமே.”

“ஆமாங்கய்யா. கட்டுப் போட்டிருக்கு.”

“பாத்துக்க. ஆறு மாசம் பேர் விழலேன்னா நம்பர் செல்லாது. காம்பராவும் வேற ஆளுக்குத்தான். நான் வச்ச சட்டம் இல்ல, தொரை கந்தோர்ல எழுதி வச்சிருக்கு. ஏப்ரல் முப்பதுக்குள்ள பிரட்டுல வந்து நில்லு. நிக்க முடியலேன்னா இப்பவே சொல்லிப்புடு, காம்பரா கேட்டு ஆள் நிக்குது.”

“வந்து நிப்பேங்கய்யா.”

வாய் சொல்லிவிட்டது. காம்பரா போனால் பத்து வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு எங்கே போவது? ரபாயேல் பெரிய துரையின் பங்களாவில், குசினியில் சமையல் வேலை பார்த்தான். படுக்கை குசினிக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கும் விறகுக்கும் நடுவில். அங்கே ஒரு பூனையைக் கொண்டுபோய் வைக்கவும் இடமில்லை. வேறு சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இலங்கையில் யாரும் இல்லை, இந்தியாவில் இருப்பவர்களின் முகம் கூடத் தெரியாது. ஆக, ஏப்ரல் முப்பதாம் தேதி பிரட்டுக் களத்தில் இரண்டு காலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

டிசம்பரில் மாவுக்கட்டை வெட்டினார்கள். உள்ளே இருந்து வெளிப்பட்ட காலைப் பார்த்து லூசியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முருங்கைக் காய் மாதிரி இருந்தது. “நடம்மா, நடந்தாத்தான் சதை ஏறும்” என்று தோட்டத்து மருந்துக்காரர் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் காலை ஊன்றினாள், உச்சி வரை வலி ஏறியது, உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் கழிப்பிடத்துக்கும் போய் வருவதோடு சரி. கிறிஸ்து பிறந்த நத்தார் போனது, தைப்பொங்கல் போனது. அவள் பாயில் உட்கார்ந்து செசிலியை விரட்டி விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். மறுபடி எலும்பு விட்டுவிடும் என்ற பயம் அவளைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. பயம் என்று சொல்லமாட்டாள். குளிர் குறையட்டும் என்பாள்.

லயத்துக் காம்பராக்களில் புகைக் கரி தெரியாமலிருக்கச் சுவருக்குக் கடதாசி ஒட்டுவார்கள். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, கிடைத்த பத்திரிகையை எல்லாம் ஒட்டிவிடுவது. ரபாயேல் பங்களாவிலிருந்து கொண்டுவருவதால் லூசியாவின் சுவரில் எப்போதும் நல்ல வழுவழுப்பான தாள்கள். பெரிய துரையின் துரைசானி பனிமலை நாட்டுக்காரி. அவளுடைய தாய் அங்கிருந்து வாராவாரம் ஒரு விளையாட்டுப் பத்திரிகையை விமானத் தபாலில் போடுவாள். வந்து சேரவே இரண்டு மூன்று வாரம் ஆகும். துரைசானி படித்து முடித்துப் போட்டதும், சனிக்கிழமை பின்னேரம் ரபாயேல் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வருவான்.

பெப்ரவரி முதல் சனிக்கிழமை செசிலி ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் லூசியா கேட்டாள்.

“இதென்னாடா தம்பி, ஒரு பொம்பள ரெண்டு கையிலயும் மட்டக்கம்பு வச்சிருக்கா?”

மட்டக்கம்பு என்பது செடியின் மேல் போட்டு மட்டம் பார்த்துக் கொழுந்து எடுக்கும் குச்சி. ரபாயேல் சிரித்தான்.

“அது ஊனிக்கிறதுக்குக்கா. கால்ல பலகை கட்டியிருக்கு பாரு. மலை பூரா பனி. மேல இருந்து சறுக்கிக்கிட்டே கீழ வரணும். வழி நெடுக மூங்கில் கம்பு நட்டிருப்பாங்க. ஒண்ண இடப்பக்கமா சுத்தணும், அடுத்தத வலப்பக்கமா. ஒரு கம்ப விட்டாலும் ஆட்டத்துல இருந்து வெளிய.”

“கீழ என்னா இருக்கு, மடுவமா?”

“ஒண்ணும் இல்ல. யார் சீக்கிரம் வர்றாங்கன்னு பாக்கிறது. ரெண்டு தடவ ஓடுவாங்க, ரெண்டு நேரத்தையும் கூட்டுவாங்க.”

“கூடை?”

“கூடை இல்லக்கா.”

“கூடை இல்லாம எறங்கறதுக்கா இவ்வளவு பேர் நின்னு பாக்கிறாங்க?”

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் கண் படத்தை விட்டு நகரவில்லை. அந்த உடம்பு சாய்ந்திருந்த சாய்வு அவளுக்குத் தெரிந்த சாய்வு. ஒரு முழங்கால் உள்ளே, இடுப்பு வெளியே, பார்வை காலடியில் இல்லாமல் அடுத்த கம்பில். ஏழாம் நம்பர் மலையில் அவளும் அப்படித்தான் இறங்குவாள். பக்கத்தில் இன்னொரு படத்தில் அதே பெண் கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்வாய் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சோளம் போகிற இடைவெளி. அவள்தான் முதலாவதாக வந்தவள் என்று ரபாயேல் சொன்னான். செசிலி விரலை வைத்துக் காட்டினாள்.

“அம்மா, நெஞ்சுல பாருங்க. பதினாலு.”

லூசியா பாயிலிருந்து சுவர்வரை தவழ்ந்து போய்ப் பார்த்தாள். பதினாலுதான். இங்கிலீசு தெரியாவிட்டாலும் அந்த இரண்டு எழுத்தை அவள் தூக்கத்திலும் படிப்பாள். அவளுக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. “நம்ம நம்பர்க்காரி” என்றாள். அந்தக் காம்பராவில் மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதன் பிறகு சனிக்கிழமைக்காகக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே பனிக்காலம் முடியும்வரை வாரத்துக்கு ஒரு மலையில் ஓட்டம் நடக்குமாம், எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் ஒருத்திக்குக் கிண்ணம் கொடுப்பார்களாம். ரபாயேல் தேத்தண்ணீர் வைக்கப் போகும்போது துரைசானியிடம் கதையைப் பிடுங்கிக்கொண்டு வருவான். அவளுக்கும் இந்த ஜில்லாவில் இதைப் பற்றிப் பேச வேறு நாதி இல்லை. துரைக்கு நாயும் துப்பாக்கியும்தான் உலகம். இரண்டாம் வாரம் பதினாலு நாலாவது இடம். கண்ணாடியும் தொப்பியும் முகத்தை மறைத்திருந்தன, நம்பர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. “பரவாயில்ல, அடுத்த மலையில புடிச்சிருவா” என்றாள் லூசியா. மாதம் ஒருமுறை பூசை நடக்கும் தோட்டத்துச் சின்னக் கோயிலுக்குச் செசிலியிடம் ஒரு மெழுகுதிரி கொடுத்தனுப்பினாள். அந்தோனியாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தாள்: பதினாலாம் நம்பர்க்காரியை விழாமல் காப்பாற்றும்.

மூன்றாம் சனிக்கிழமை வந்த தாளில் அவள் விழுந்துகிடந்தாள். முகம் பனிக்குள். பலகை கட்டிய ஒரு கால், கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முதுகில் பதினாலு. லூசியா பார்த்தாள். ரொட்டியைத் தட்டோடு தள்ளி வைத்தாள். விழுந்துவிட்டாள், தூக்கிக்கொண்டு போனார்களாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ரபாயேல் கிளம்பினான். அந்த வாரம் முழுக்க லூசியா பாயை விட்டு எழும்பவே இல்லை. பக்கத்துக் காம்பராக்காரி வந்து, “யாருக்கோ எங்கயோ கால் போனா நீ ஏன் பட்டினி கெடக்குற?” என்று சத்தம் போட்டாள். ஏப்ரல் முப்பது வரப் போவதில்லை என்று மனத்துக்குள் அவள் முடிவு கட்டிவிட்டாள்.

நாலாம் சனிக்கிழமை ரபாயேல் வாசலில் தயங்கி நின்றபோதே செசிலி தாளைப் பிடுங்கி விரித்தாள்.

“அம்மா, பதினாலு எழும்பிட்டா.”

எழும்பித்தான் இருந்தாள். கம்பை ஒட்டிச் சாய்ந்து, பனித்தூள் பறக்க, நெஞ்சில் அதே நம்பரோடு இறங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் இடம். லூசியா தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எத்தன நாள்டா ஆச்சு அவ விழுந்து?”

“ஒரு... வாரம் பத்து நாள் இருக்கும்க்கா.”

“பத்து நாள்ல எழும்பிட்டா. நான் நாலு மாசமா குந்திக்கிட்டு இருக்கேன்.”

ரபாயேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லூசியா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். வலது காலையும் ஊன்றி. நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது, அவள் உட்காரவில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “மெதுவாக்கா” என்று மட்டும் சொன்னான்.

அடுத்த நாள் இரண்டு கையிலும் இரண்டு மட்டக்கம்பைப் பிடித்துக்கொண்டு பீலிக்கரை வரை போனாள். மறுநாள் கோயில் வரை. மார்ச் பிறந்ததும் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவம் தாண்டி ரோட்டு வரை. ஏற்றத்தில் வலி பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. இறக்கத்தில்தான் உயிர் போய் வந்தது. இறங்கப் பழகாமல் கொழுந்து மலைக்குப் போய் என்ன செய்வது? லயத்துக்குப் பின்னால் புல் சரிவு ஒன்று உண்டு. செசிலியை விட்டு மூங்கில் வெட்டி வரச் சொல்லி, பத்துக் கம்பை இடமும் வலமுமாக அங்கே நடச் செய்தாள். மேலே ஏறி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றை இடப்பக்கம் சுற்றி, அடுத்ததை வலப்பக்கம் சுற்றிக் கீழே வருவாள். ஒரு கம்பை விட்டால் செசிலி விடமாட்டாள். “வெளிய, வெளிய, மறுபடி மேல போங்க” என்பாள். பிள்ளைக்கு அதில் ஒரு சந்தோஷம்.

லயத்து ஜனம் சும்மா இருக்குமா? வேலை விட்டு வந்த பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். “பதினாலுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு” என்றாள் ஒருத்தி. “மாட்டுப் பட்டியில வேலை கேக்கப் போறாளாம், மாடு கட்ட முளை நட்டுப் பழகுறா” என்றாள் இன்னொருத்தி. லூசியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு தடவை விழுந்தாள், முழங்கை சிராய்த்தது, எழுந்து மறுபடி மேலே போனாள். “அவ பத்து நாள்ல எழும்பினா” என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஏப்ரல் நடுவில், சித்திரை வருஷப் பிறப்புக்குத் தோட்டம் மூடியிருந்தபோது, வெறுங்கூடையை முதுகில் மாட்டி ஏழாம் நம்பர் மலை உச்சிக்கு ஏறி இறங்கினாள். அரை நாள் பிடித்தது. ஆனால் இறங்கிவிட்டாள்.

ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை. பனிக்காலம் முடிந்து, கடைசி ஓட்டத்தின் தாள் வந்தது. நடுப்பக்கம் முழுக்க ஒரே படம். இரண்டு பெண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி கையில் வெள்ளிக் கிண்ணம். செசிலி ஒட்டுவதற்குப் பசையைத் தடவப் போனவள் நின்றுவிட்டாள்.

“அம்மா, இந்தப் பல்லப் பாருங்க.”

கிண்ணம் வைத்திருந்தவளின் முன்பற்களுக்கு நடுவில் ஒரு சோளம் போகிற இடைவெளி. முதல் தாளில் கையைத் தூக்கிச் சிரித்தவளேதான். நெஞ்சில் மூன்று என்று போட்டிருந்தது. பக்கத்தில் நின்றவள் உயரமானவள், அகன்ற முகம், இதற்கு முன் பார்த்தே இராத முகம். அவள் நெஞ்சில் பதினாலு.

லூசியா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். குட்டையாக ஒரு பதினாலு, தொப்பிக்கு வெளியே கறுப்பு முடியோடு ஒரு பதினாலு. முதல் தாளில் இருந்த வெளுத்த முடிக்குச் சாயம் பூசியிருப்பாள் என்று அவளே ஒரு நாள் சமாதானம் சொல்லியிருந்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்லுடா.”

“அங்க நம்பர் யாருக்கும் சொந்தம் இல்லக்கா. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சீட்டுக் குலுக்கி எடுப்பாங்களாம். யாருக்கு எது விழுதோ அதுதான் அன்னைக்கு. அடுத்த மலையில வேற.”

“விழுந்தவ?”

“அவ வேற ஒருத்தி. கால் ரெண்டு எடத்துல ஒடஞ்சிருச்சு. இந்த வருஷம் அவ ஓடவே இல்ல. ஆஸ்பத்திரியில கெடக்குறா.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அவ விழுந்த வாரமே தொரைசானி சொன்னாங்க. நான் சொல்லத்தான் வந்தேன். நீ எழும்பி நின்னுட்ட.”

லூசியாவுக்கு வந்த கோபத்தில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “என்னைய ஒரு பைத்தியமாட்டம் ஆட விட்டுப் பாத்திருக்க. போடா” என்றாள். அவன் போனான். கொண்டுவந்த சீனிப் பொட்டலத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை. இல்லாத ஒருத்தியை நம்பி இரண்டு மாதம் புல் சரிவில் விழுந்து புரண்டதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அழுதும் விட்டாள், பிள்ளை பார்த்தால் பார்க்கட்டும் என்று.

ஞாயிறு முழுக்கப் பாயில் கிடந்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் கால் எப்போதும்போல வலித்தது. எழுந்து நின்று பார்த்தாள், எப்போதும்போல நின்றது. கம்பு இல்லாமல் பீலிக்கரைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். யாரை நம்பி நடந்தாலும் நடந்தது அவளுடைய கால்தானே. செவ்வாய்க்கிழமை, வேலைக்கு இடுப்பில் கட்டும் படங்கைத் துவைத்துக் காயப்போட்டாள். கூடைக் கயிற்றைப் புதிதாக முடிந்து வைத்தாள்.

புதன்கிழமை ஏப்ரல் முப்பது. விடியலில் ஆள் எழுப்பும் தப்புச் சத்தம் கேட்டதும் கிளம்பிப் பிரட்டுக் களத்துக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் பெண்கள் வழி விட்டார்கள், சிலர் முதுகில் தட்டினார்கள். அவள் போய்த் தன்னுடைய பழைய இடத்தில், பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் நின்றாள். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் நின்றாள். பதினேழு பதினெட்டு வயது, கண்ணில் பயம், புதுக் கூடை. ராஜநாயகம் புத்தகத்தை விரித்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

“பதினாலு.”

“இருக்கேங்கய்யா” என்று இரண்டு குரல் வந்தது.

ராஜநாயகம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நீயா. நீ எங்க வரப் போறேன்னு நேத்துச் சாயங்காலமே இந்தப் புள்ளைக்குப் போட்டுட்டேன். புதுக் குடும்பம், நம்பர் வேணும்ல.”

“இன்னைக்கு வரைக்கும் தவணை இருக்குன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க.”

“சொன்னேன். போட்டாச்சு. கொறை இருந்தா பெரிய தொரைகிட்டப் போய்ச் சொல்லு. கொழும்புக்குப் போயிருக்காரு, வெள்ளிக்கிழமை வருவாரு.”

வெள்ளிக்கிழமை மே இரண்டு. தவணை முடிந்துவிடும். பேரும் போகும், காம்பராவும் போகும். அதை அவர் தெரிந்துதான் சொன்னார் என்பது களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கியது. “விட்டுக் குடுக்காத பதினாலு” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெண்கள் கூடையைக் கீழே வைத்திருப்பார்கள். அந்தச் சின்னப் பெண் அழுதுவிடுகிற மாதிரி நின்றாள்.

“சும்மா கெடக்கிறது நூத்திப் பத்தொம்பது ஒண்ணுதான்” என்றார் ராஜநாயகம். “வேணுமா?”

நூற்றிப் பத்தொன்பது கடைசி நம்பர். புதிதாக வந்தவர்களுக்குக் கொடுப்பது. மலைக்கோடியில் அட்டைக்கடிப் பள்ளத்து நிரை. இருபத்தொன்பது வருஷம் வேலை செய்தவளிடம் அதைக் கேட்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம். அவள் வாய்க்குப் பயந்து கங்காணிமாரே ஒதுங்கிப் போவார்கள். இன்றைக்கு ராஜநாயகத்தின் கதை கந்தல்தான் என்று எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

லூசியாவுக்கும் வாய் வரை வந்தது. தாய் வைத்திருந்த நம்பர் ஆயிற்றே. ஆனால் அவள் கண்ணுக்குள் அந்த நடுப்பக்கம்தான் நின்றது. பல் இடைவெளிக்காரி, நெஞ்சில் மூன்றோடு, கையில் கிண்ணத்தோடு. முதல் வாரம் பதினாலாக இருந்தவள் அதை விட்டுவிட்டோமே என்று ஒரு மலையிலும் உட்கார்ந்து அழுததாகத் தெரியவில்லை. குலுக்கிக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு போய் மேலே நின்றிருக்கிறாள்.

“போடுங்கய்யா” என்றாள். “எந்த நம்பரா இருந்தாலும் சரி. இன்னைக்கு எனக்குப் பேர் விழணும்.”

ராஜநாயகம் இதை எதிர்பார்க்கவில்லை. பேனாவை எடுத்தார். கடைசிப் பக்கத்துக்குப் போய், நூற்றிப் பத்தொன்பதுக்கு நேரே பேனாவை வைத்துவிட்டுத் தடுமாறினார். புதுப் பதிவு என்றால் நம்பருக்குப் பக்கத்தில் ஆளின் பெயரை எழுத வேண்டும். பதினாறு வருஷமாக அவர்தான் தினமும் அவளைக் கூப்பிடுகிறார்.

“ஒம் பேர் என்னா?”

“லூசியா.”

“என்னாது?”

“லூசியாங்கய்யா” என்று அவள் களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, “நல்ல பேராத்தானே இருக்கு” என்றாள்.

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலைதான். கோடியில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு, பாதையைச் சுற்றாமல், ஒவ்வொரு செடியாகப் பார்த்துக் கால் வைத்து இறங்கினாள். தராசடிக்குக் கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள். அங்கே அந்தச் சின்னப் பெண் கூடையை இறக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். லூசியா ஒரு கை கொடுத்தாள்.

“ஒம் பேர் என்னா புள்ள?”

“பதினா...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். “மரியாயி.”

“நான் லூசியா” என்றாள்.

சனிக்கிழமை ரபாயேல் வாசலுக்கு வந்து உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றான். கையில் தாள் இல்லை, பனிக்காலம் முடிந்துவிட்டது. லூசியா அவனை ஏறிட்டுப் பார்க்காமலே தேத்தண்ணீரை ஊற்றி நகர்த்தி வைத்தாள்.

“விழுந்தவ பேர் என்னா?” என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை. திரும்பப் பங்களாவுக்கு ஏறிப் போய்த் துரைசானியிடம் கேட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் வந்து சொன்னான். அன்னெலீஸ். லூசியா அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள், நாக்கு வளையவில்லை. செசிலியை விட்டுச் சுவரில், பனிக்குள் முகம் புதைந்துகிடந்தவளின் படத்துக்குக் கீழே, பென்சிலால் தமிழில் எழுத வைத்தாள். அடுத்த பூசைக்குத் தானே நடந்து போனாள். முன்பு ஏற்றிய மெழுகுதிரி எந்தப் பதினாலுக்குப் போய்ச் சேர்ந்ததோ அது அந்தோனியாருக்குத்தான் தெரியும். இந்தத் தடவை அவள் நம்பர் எதுவும் சொல்லவில்லை. “அன்னெலீஸ், கால் ஒடஞ்சவ, எழும்பி நிக்கணும்” என்றாள். அவருக்கு ஆள் குழம்பிவிடக் கூடாதே என்று யோசித்து, “கேக்கிறது லூசியா” என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.